படித்துச் சொல்லும் கலை



எழுத்து என்பது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்து எழுதுகிற நேரத்துக்கு அது சரி. எழுதி முடித்த பிறகு? அதை யாராவது ஒருவர் நிதானமாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, தன் மனசில் பட்டதை எழுதியவரிடம் வந்து சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இப்படிப் படித்துச் சொல்வதும் ஒரு கலைதான். கதை எழுதுவதற்கு எவ்வளவு பொறுமையும் பயிற்சியும் தேவையோ, அதற்குக் குறையாமல் இதற்கும் தேவை. அந்தக் கலையைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

தமிழில் இந்தக் கலை எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்திருக்கிறது என்பதற்கு ஒரு பத்திரிகையின் கதையே சாட்சி. 1959 ஜனவரியில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' என்று ஒரு மாத இதழ் வந்தது. நடத்தியவர் சி.சு. செல்லப்பா. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. 'மணிக்கொடி' இதழ் வந்த காலத்திலேயே பேர் வாங்கிய சிறுகதைக்காரர். பெரிய வார இதழ்கள் லட்சக்கணக்கில் வாசகர்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. செல்லப்பாவோ தம் இதழ் இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சாகாது என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். படிப்பவர்கள் குறைவாக இருந்தாலும், ஆழ்ந்து படிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

'எழுத்து' தொடங்கப்பட்டது முக்கியமாக விமர்சனத்துக்காக. ஒரு கதையை ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு பேசுகிற பழக்கம் நம்மிடையே வளர வேண்டும் என்று செல்லப்பா விரும்பினார். அதற்கு இடம் கொடுத்தார். மாறுபட்ட கருத்துகளையும் அச்சிட்டார். அதனால் நடந்தது என்ன தெரியுமா? படிக்க வந்தவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

வட இந்தியாவில் அரசு வேலையில் இருந்த ஓர் இளைஞர் 'எழுத்து' இதழைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினார். அதுவரை எழுத்தாளராக வேண்டும் என்று அவர் கிளம்பியதில்லை. செல்லப்பா அந்தக் கடிதத்தில் ஒரு விமர்சகரைக் கண்டார். அச்சிட்டார், மேலும் எழுதச் சொன்னார். அந்த இளைஞர்தான் வெங்கட் சாமிநாதன். பின்னால் இலக்கியம், நாடகம், ஓவியம், சினிமா என்று தமிழ்ப் பண்பாட்டின் எல்லாப் பக்கங்களையும் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். ஒரு வாசகர் கடிதத்தில் தொடங்கிய வாழ்க்கை அது.

கவிதையிலும் இதுவே நடந்தது. ந. பிச்சமூர்த்தியின் யாப்பில்லாக் கவிதைகளுக்குத் தொடக்க இதழ்களிலேயே இடம் கிடைத்தது. சிறுகதைகள் எழுதிக்கொண்டிருந்த சுந்தர ராமசாமி 1959-லேயே நாகர்கோவிலிலிருந்து 'பசுவய்யா' என்ற பெயரில் கவிதை அனுப்பினார். இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராம் எழுதினார். பிரமிள் என்று நாம் பின்னால் அறிந்த அவருக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். சி. மணி வந்தார், தி.சோ. வேணுகோபாலன் வந்தார், எஸ். வைதீஸ்வரன் வந்தார். வேறு வேறு ஊர், வேறு வேறு தொழில். ஒருவர் கவிதையை மற்றவர்கள் படித்தார்கள், அதைப் பற்றி எழுதினார்கள், அந்த உற்சாகத்தில் தாங்களும் புதிதாக முயன்றார்கள். மூன்றே ஆண்டுகளில், 1962-ல், இருபத்துநான்கு கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' என்று செல்லப்பா புத்தகமே போட்டுவிட்டார். இன்று நாம் சாதாரணமாகப் படிக்கிற புதுக்கவிதை, இந்தச் சின்ன வட்டத்தில்தான் வேர் பிடித்தது.

இதில் செல்லப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல. பணம் இல்லை. போட்ட புத்தகங்களைத் தாமே மூட்டையாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அப்படியும் 1970 வரை, 119 இதழ்கள் கொண்டுவந்தார்.

அவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் யோசித்ததுண்டு. அதற்கு விடை அவருடைய இளமையில் இருக்கிறது. மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தியவர் பி.எஸ். ராமையா. வத்தலக்குண்டுக்காரர். செல்லப்பா வளர்ந்ததும் அதே ஊர்தான். எழுதத் துணிந்த இளைஞர்களைத் தேடிப்பிடித்துக் கதை வாங்கிப் போட்டவர் ராமையா. அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர் செல்லப்பா. தாம் வாங்கியதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. தள்ளாத வயதில், ராமையாவின் நூற்றுக்கணக்கான கதைகளையும் ஒன்றுவிடாமல் எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்ந்து 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்று பெரிய நூல் எழுதினார். தன்னை எழுதவைத்தவருக்கு இதைவிட நல்ல மரியாதை இருக்க முடியுமா? மாலை போடுவது சுலபம், முழுசாகப் படிப்பதுதான் கஷ்டம்.

'எழுத்'தில் வளர்ந்த சி. மணி 1968-ல் சேலத்திலிருந்து 'நடை' என்ற இதழைத் தொடங்கினார். அதில் ஞானக்கூத்தன் என்ற இளைஞரின் கவிதைகள் வந்தன. அந்த ஞானக்கூத்தனும் நண்பர்களும் சேர்ந்து 1970-ல் 'கசடதபற' என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். ராமையாவிடமிருந்து செல்லப்பாவுக்கு, செல்லப்பாவிடமிருந்து சி. மணிக்கு, அவரிடமிருந்து ஞானக்கூத்தனுக்கு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அந்த அக்கறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பத்திரிகை நடத்தினால்தான் இது முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். அங்கே கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சிறுவயதுத் தோழர்கள். சங்கீதமும் புத்தகமும் பேசிப் பேசி வளர்ந்தவர்கள். அழகிரிசாமி சென்னைக்குப் போனபின் அவர்களுக்குள் கடிதங்கள் ஓடின. கி.ரா. கதை எழுத வந்தது முப்பது வயதைத் தாண்டிய பிறகு. பள்ளிப் படிப்பும் பெரிதாக இல்லாத ஒரு விவசாயி. அவர் எழுதிய கடிதங்களின் அருமை அழகிரிசாமிக்குத் தெரிந்திருந்தது. ஒரே கிராமத்திலிருந்து வந்த இந்த இருவருக்குமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நண்பன் ஒருவன் உடனிருந்தால் போதும், அதுவே ஒரு இலக்கியச் சபை.

நான் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் நூலக அறை ஒன்றில் மாதம் ஒருமுறை சில பேர் கூடுவோம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் ஒரு பெண் அங்கே தன் முதல் கதையை வாசித்தார். கம்பெனியில் சூப்பர்வைசரின் ஏச்சைப் பொறுக்க முடியாமல், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் வேலையை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். இதுதான் கதை. வாசித்து முடித்ததும் எல்லோரும் நல்லா இருக்குது என்றோம். டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, சனிக்கிழமை சம்பளத்த வாங்காமயா அந்தப் புள்ள போச்சு?"

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. நோட்டைப் புரட்டி அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் கதையைத் திருத்தி எடுத்து வந்தார். இப்போது கதையில் வரும் பெண் வெள்ளிக்கிழமை போகவில்லை. ஏச்சை வாங்கிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வருகிறாள். சனிக்கிழமை சாயந்திரம், அதே சூப்பர்வைசர் முன்னால் சம்பள வரிசையில் நிற்கிறாள். அவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அவளும் அவர் எதிரிலேயே நின்று, அவசரப்படாமல், ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்க்கிறாள். பின்னால் வரிசை காத்திருக்கிறது. கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அவள் கோபம் முழுசும் புரிந்தது.

அந்தப் பெரியவர் இலக்கணம் பேசவில்லை, உத்தி பேசவில்லை. பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. கதையில் வந்த பெண்ணை உயிருள்ள ஒரு மனுஷியாக எடுத்துக்கொண்டு, அவள் வாரச் சம்பளத்துக்காகக் கவலைப்பட்டார். படித்துச் சொல்லும் கலையின் உச்சம் என்று நான் இதைத்தான் சொல்வேன். 'நல்லா இருக்குது' என்று நாங்கள் சொன்னது அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் சந்தோஷம். பெரியவர் கேட்ட கேள்வியோ அவரை அடுத்த கதைக்கு, அதற்கடுத்த கதைக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. எனக்கும் அது பெரிய பாடம். அதன் பிறகு யார் எதை வாசித்தாலும், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டும் முன், அதில் வரும் மனிதர்களைப் பற்றி என்ன கேட்கலாம் என்று யோசிக்கக் கற்றுக்கொண்டேன். என் சொந்த எழுத்தையும் அப்படிக் கேட்டுப் பார்க்கிறேன். என் எழுத்து கொஞ்சமாவது வளர்ந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம், பிறர் எழுத்தைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அந்த மாலைகள்தான்.

நேயர்களே, உங்களில் பலர் வீட்டு அலமாரியில் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருக்கும். யாரிடமும் காட்டக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் எல்லோருக்கும் உண்டு. அது போக ஒரு வழி சொல்கிறேன். முதலில் நீங்கள் இன்னொருவருக்கு நல்ல வாசகராக இருங்கள். நீங்கள் சமீபத்தில் படித்த ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர் நம்மிடையே இருப்பவராக இருக்கட்டும். இன்னொரு முறை படியுங்கள். எந்த இடத்தில் நின்றீர்கள், எந்தப் பாத்திரத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை வந்தது, எது நம்பும்படியாக இல்லை என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அவருக்கு அனுப்புங்கள். பெரிய எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் முதல் கதை எழுதியிருக்கும் ஒரு மாணவியாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த வயதில் வரும் ஒரு கடிதத்தின் மதிப்பு தனி.

அப்படி ஒரு பக்கம் எழுதும்போது உங்கள் எழுத்தும் உங்களை அறியாமல் தேறும். அதை வாங்கியவர் ஒருநாள் உங்கள் நோட்டையும் வாங்கிப் படிப்பார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் மாதம் ஒருமுறை கூடலாம். நூலகத்தின் ஒரு மூலை போதும், வீட்டுத் திண்ணை போதும். இந்த வாரமே அந்த முதல் கடிதத்தை எழுதிவிடுங்கள்.