ஜன்னலுக்கு ரெண்டு பக்கம்: டோக்கியோவில் ஒரு ஹோட்டல்

போன வாரம் எபிசோட் வரல, ஏன்னா நான் ஜப்பான்ல இருந்தேன். ஆபீஸ் வேலை மூணு நாள்ல முடிஞ்சுது, அப்புறம் அம்மாவும் வந்து சேர்ந்தாங்க. அவங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அதனால கொஞ்சம் ஓவராவே ஒரு செலவு பண்ணேன்: டோக்கியோ டிஸ்னிசீ பார்க்கோட ஒட்டி, 2024 ஜூன் 6 அன்னைக்குத் திறந்த ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் ஹோட்டல்ல ஒரு ராத்திரி. எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன். அம்மா இந்த பாட்காஸ்ட் கேட்பாங்க.

மொத்தம் 475 ரூம். அதுல 56 மட்டும் கிராண்ட் ஷாட்டோன்னு தனி லக்ஷுரி பகுதி. நாங்க மிச்சமிருக்கிற 419-ல ஒண்ணு, கேட்கவே வேணாம். உள்ள எங்க பார்த்தாலும் பூ வேலைப்பாடு, டிஸ்னி இளவரசிகள். அழகுதான். ஆனா அலங்காரத்தை விட, அந்தக் கட்டடம் நிக்கிற இடம்தான் என்னை யோசிக்க வச்சுது.

1955-ல கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் திறந்தப்போ, வெளி உலகம் கண்ணுல படக்கூடாதுன்னு சுத்தி மண்மேடு போட்டாங்க. ஹோட்டல் மேட்டுக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதைக் கட்டினதுகூட வால்ட் டிஸ்னி இல்ல. அவர்கிட்ட காசு இல்லாததால ஜாக் ராதர்ங்கிற தொழிலதிபர் கட்டினார். 1992-ல பாரிஸ்ல, ஹோட்டல் பார்க் வாசல் மேலயே ஏறி உட்கார்ந்துச்சு. 2001-ல டிஸ்னிசீ திறந்தப்போ, மிராகோஸ்டா ஹோட்டல் பார்க்குக்குள்ளயே வந்து, துறைமுகத்தைப் பார்த்த இத்தாலிய ஊர் மாதிரி நின்னுடுச்சு. அதாவது மண்மேடு செஞ்ச வேலையை இப்போ ஹோட்டல் செய்யுது. சும்மா நின்ன சுவர் வாடகை சம்பாதிக்குது! ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸும் அந்த வழியில வந்ததுதான். ஹோட்டல்ல இருந்து பார்க்குக்குத் தனி வாசலே இருக்கு.

டிசைன் பண்றவங்களுக்கு இதுல ஒரு தலைவலி. ஒரே சுவருக்கு ரெண்டு யூசர். கீழ நடக்கிறவனுக்கு அது செட்டு, உள்ள படுத்திருக்கிறவனுக்கு அது பெட்ரூம். தீம் பார்க் கட்டடங்கள்ல மேல போகப் போக எல்லாத்தையும் சின்னதா கட்டி, உயரமா தெரியிற மாதிரி ஏமாத்துவாங்க. அந்தக் கணக்கு தரையில நிக்கிற கண்ணுக்குப் போட்டது. மாடியில இருந்து பார்த்தா பிசிறு தட்டும். ஃப்ரன்ட்எண்ட் பண்றவங்களுக்குப் புரியும்: மொபைலுக்குச் செஞ்ச பேஜை பெரிய மானிட்டர்ல திறந்த மாதிரி.

எங்க ரூம் ஜன்னல் பார்க் பக்கம். சாயங்காலம் அம்மா அங்கயே நின்னுட்டு இருந்தாங்க, பச்சைப் புடவை, தலையில பூ (சென்னையில இருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் மல்லி, அது தனிக் கதை). கீழ ஒரு குட்டிப் பொண்ணு அண்ணாந்து பார்த்து கை ஆட்டுச்சு. அம்மாவும் ஆட்டினாங்க. அப்புறம் அந்தக் குடும்பமே ஆட்டுச்சு, யாரோ போட்டோ எடுத்தாங்க. கதையில வர்ற யாரோன்னு நினைச்சுட்டாங்களோ என்னவோ. "டேய், நான் ஃபேமஸ்டா"ன்னாங்க.

ஒன்பது மணிக்கு பார்க் மூடுச்சு. கூட்டம் கரைஞ்சதும் யூனிஃபார்ம்ல ஆளுங்க வந்தாங்க. ஒருத்தர் குழாய் பிடிச்சு தரையைக் கழுவுறாரு, இன்னொருத்தர் விளக்கு விளக்கா பார்த்துட்டுப் போறாரு. நம்ம ராத்திரி டிப்ளாய்மென்ட்டேதான். பகல்ல டிக்கெட் வாங்கி வர்றவங்க கண்ணுல படாம மறைச்சு வைக்கிற அத்தனையும் இந்த ஜன்னல்ல தெரியுது. மேல பார்க் பக்கம் இருக்கிற ரூம்கள்கிட்ட இருந்து அதை மறைக்க வழி இல்ல. எனக்கு இருந்த ஒரே குறை, காலையில ஏழு மணிக்கே க்யூவுல நிக்கணுமேன்னு.

"தூங்குங்கம்மா"ன்னேன். "இரு"ன்னாங்க. முப்பது வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில நைட் ட்யூட்டி பார்த்தவங்க. "இவருக்கு எத்தனை மணிக்குடா ஷிஃப்ட் முடியும்?"னு கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்?

குழாய்க்காரரைப் பார்த்தும் கை ஆட்டினாங்க. அவர் நிமிரவே இல்ல. குழாயைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த பக்கம் போயிட்டாரு. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னாங்க.