அவன் எங்கள் பிள்ளைதானா?

(ஆதரவாளர்கள் வருடாந்தரக் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஜீன்களைத் திருத்தும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, டாக்டர் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றேன். "விஞ்ஞானத்தை டாக்டர் சொல்லுவார், மற்றதை நீங்கள் சொல்லுங்கள் ஐயா" என்றார். அந்த "மற்றது" என்னவென்று எனக்குக் காட்டியவர் தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு தாயார்.

அவருடைய மகனுக்கு ஹீமோஃபிலியா. இரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் ஃபேக்டர் என்ற புரதம் அவன் உடம்பில் போதிய அளவு உண்டாவதில்லை. விளையாடுகிற பிள்ளைக்கு முழங்காலில் சின்ன இடி பட்டால் போதும், உள்ளே இரத்தம் கசிந்து மூட்டு வீங்கிவிடும். அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசமாகவே போடுகிறார்கள். ஆனால் வீக்கம் நேரம் பார்த்தா வருகிறது? 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை பஸ்ஸைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நடு இரவிலும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

வேலூரில் ஒரே தடவையில் சரியாக்கிவிடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தேடி வந்தார். "ஃபாதர்," என்றார். (நான் ஃபாதர் அல்ல, ஆனால் அந்தக் கரையில் வெள்ளை அங்கி போட்டவர் எல்லாரும் ஃபாதர்தான்.) "ரத்தத்தையே மாத்திருவாங்களாமே. அப்புறம் அவன் எங்க புள்ளதானா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கேட்டுச் சொல்லுகிறேன் அம்மா என்று அனுப்பிவிட்டு, நம்முடைய டாக்டரிடம் பாடம் கேட்டேன். இரண்டு வாரம் ஆயிற்று.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உங்களில் அநேகர் அறிவீர்கள். அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தார், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து செய்த சிகிச்சையின் விவரம் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. கடுமையான ஹீமோஃபிலியா உள்ள 5 பேர். வயது 22 முதல் 41 வரை. அவரவருடைய ஸ்டெம் செல்களையே, அதாவது இரத்தத்துக்குத் தாயான செல்களை, எடுத்தார்கள். நோய் உண்டாக்கும் சக்தி நீக்கப்பட்ட ஒரு வைரஸை வண்டியாக வைத்து, எட்டாம் ஃபேக்டருக்குரிய ஜீனை அவற்றுக்குள் ஏற்றினார்கள். பிறகு அதே ஆளுக்கே திரும்ப ஏற்றினார்கள். இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது, அந்த ஜீன் எங்கே வேலை செய்யும்படி அமைத்தார்கள் என்பதே. அந்தத் தாய்ச் செல்களிலிருந்து பிறக்கும் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களில்! கிருமியை விழுங்குகிற காவல்காரனிடம், சம்பளம் கூட்டாமல் இன்னொரு வேலையையும் ஒப்படைத்ததுபோல. அந்த ஐந்து பேருக்கும் ஆய்வில் கவனிக்கப்பட்ட காலம் முழுவதும் இரத்தக்கசிவு வரவில்லை.

ஆனால் இது ஜீனைச் சேர்ப்பது, திருத்துவது அல்ல. திருத்துவதற்கு கிறிஸ்பர் என்ற கத்தரி வந்தது. 2012-இல் அதன் வழியைக் காட்டிய சார்பென்டியே, டவுட்னா என்ற இரண்டு பெண்மணிகளுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில், இரத்தம் கொடுத்த ஒருவரின் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, 37 டிகிரி சூட்டில் வளர்த்து, மின் அதிர்ச்சியால் ஒரு நொடி அவற்றின் சவ்வைத் திறந்து, கத்தரியை உள்ளே அனுப்புகிறார்கள். ஏறத்தாழ 20 எழுத்து நீளமுள்ள ஒரு வழிகாட்டி, வெட்ட வேண்டிய இடத்துக்கு அதைக் கூட்டிப்போகிறது. ஒரு ஜீனை அணைத்துவிட்டால் அணு எந்த வேலையை மறக்கிறது? அதைப் பார்த்து அந்த ஜீன் எதற்கு என்று கண்டுகொள்ளுகிறார்கள். கத்தரி சில சமயம் தவறான இடத்திலும் வெட்டும். ஆகையால்தான் முதலில் பாத்திரத்தில் பார்க்கிறார்கள், மனிதனில் அல்ல.

சிருஷ்டிகருடைய வேலையில் கை வைக்கலாமா என்று நம் மூப்பர் ஒருவர் கேட்டார். நான் அவருக்கு ஒரே ஜீனைப் பற்றிய இரண்டு சம்பவங்களைச் சொன்னேன். சி.சி.ஆர்.5 என்ற ஜீன், எய்ட்ஸ் கிருமி நம் டி செல்களுக்குள் நுழைகிற வாசல்களில் ஒன்றை உண்டாக்குகிறது. கிறிஸ்பருக்கு முந்தின ஒரு கத்தரியால் 12 நோயாளிகளின் டி செல்களில் அந்த ஜீனை வெட்டி அவர்களுக்கே திரும்பக் கொடுத்ததாக பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்டார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள், கேட்டு, அறிந்து, சம்மதித்தவர்கள். அந்த மாற்றம் அவர்களோடே முடிந்துபோகும். 2018-இல் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி அதே ஜீனைக் கருவிலேயே வெட்டினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களை யார் கேட்டது? அவர்களுடைய சந்ததிக்கும் அது போகுமே. 2019-இல் சீன நீதிமன்றம் அவருக்கு 3 வருடச் சிறை கொடுத்தது. சந்ததிக்குப் போகும்படி ஜீனை மாற்றுவதை நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019-ஆம் வருட விதிகளும் தடை செய்கின்றன.

கத்தரி பாவமுமல்ல, புண்ணியமுமல்ல என்பது என் எண்ணம். யாருடைய சம்மதத்தின்மேல் அது வைக்கப்படுகிறது என்பதில்தான் என் கண் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், ஆராய்ச்சிக்கு இரத்தம் எடுக்கும் தாளில் ஒரு மீனவர் கைநாட்டு வைப்பதை அருகில் நின்று பார்த்தேன். தாள் முழுவதும் ஆங்கிலம். "எதுக்கு ஐயா?" என்று என்னைக் கேட்டார். "டெஸ்டுக்கு" என்றேன். எனக்கே தெரியாது. அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது. இப்பொழுதெல்லாம் இரத்தம் எதற்கு, எத்தனை காலம் வைத்திருப்பார்கள், வேறே ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களா, வேண்டாமென்றால் சிகிச்சை குறையுமா என்று தமிழில் வாசித்துச் சொல்லாமல் நான் எழுந்திருக்கிறதில்லை. டாக்டர்மார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அந்தத் தாயாரிடம் தமிழில்தான் சொன்னேன். அம்மா, அவனுக்கு ஏறுவது அவனுடைய இரத்தமே. மாற்றம் இரத்தத்தில்தான், அவன் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் வித்து மாறுவதில்லை. குணமானாலும் அவனுக்குப் பிறக்கும் பெண் பிள்ளைகள் எல்லாரும் இந்த நோயின் ஜீனைச் சுமப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அவனிடமிருந்து அது வராது. நோய் உங்கள் வழியாக வந்ததுபோலவே போகும். அவ்வளவுக்கு அவன் உங்கள் பிள்ளை.

சிரித்தார், பிறகு அழுதார். தன் வழியாக வந்தது என்பதை அதுவரை யாரும் அவருக்கு மெதுவாகச் சொல்லியிருக்கவில்லை போலும்.

கடினமானதையும் சொல்ல வேண்டியிருந்தது. புதிய செல்களுக்கு இடம் உண்டாக்க, முதலில் எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்கிறார்கள். இதுவரை விவரம் வெளியானது 5 பேரைப் பற்றியே, எல்லாரும் பெரியவர்கள். உங்கள் மகனுக்கு வயது பத்து. இன்றைக்கு ஊசிதான் அம்மா.

"அவன் பெரியவனானா அவன்கிட்டயே கேப்பாங்களா?" என்றார். கேட்பார்கள் என்றேன். பையன் வாசலில் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இரண்டு குப்பி ஃபேக்டர். மூன்றரை மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள்.