ஐந்தாவது முனை
(அண்ணனூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1944 ஜூன் 22. ஹிட்லர் சோவியத் நாட்டின் மீது படையெடுத்துச் சரியாக மூன்றாண்டு. அன்று பைலோருஷ்யாவில் செஞ்சேனையின் பெருந்தாக்குதல் துவங்கியது. ஜூலை 3-ல் மின்ஸ்க் விடுதலையடைந்தது. அந்த ஜூன் 22-லேயே பிரான்சில் ஷெர்போர்க் துறைமுகத்தின் மீது அமெரிக்கப் படை பாய்ந்தது. பசிபிக்கில் சைப்பான் தீவில் கடும் சண்டை. நம் எல்லையிலோ, கோஹிமா சாலையில் இரு படைகள் சந்தித்தன. ஜப்பானியரின் இம்பால் முற்றுகை உடைந்தது.

நம் பக்கத்து ஆவடியும் அந்தப் போரில் ராணுவத் தளமாக இருந்ததுதான்.

இவை நான்கு முனைகள். ஐந்தாவது முனை 1943-லேயே வங்கத்தில் திறந்துவிட்டது: பசி! பஞ்சமும் அதைத் தொடர்ந்த நோய்களும் 30 லட்சம் பேர் வரை கொன்றன. எந்த ராணுவ அறிக்கை அதைச் சொன்னது?

பாசிசம் வீழ்த்தப்பட வேண்டியதே. ஆனால் தோழர்களே, போரின் கணக்கை எழுதும்போது சோறின்றிச் செத்தவர்களையும் சேர்த்து எழுதுவோம்!