ரயில் வந்தது, லயத்துக்கு பஸ் எங்கே?

காஜாங்குக்கு 2017 ஜூலை 17-ஆம் தேதி எம்.ஆர்.டி. ரயில் வந்தது. பக்கத்திலேயே கொமூட்டர் நிலையம். 50 வெள்ளிக்கு ‘மை50’ பாஸ் எடுத்தால் 30 நாளைக்கு எம்.ஆர்.டி.யிலும் அதன் இணைப்பு பஸ்ஸிலும் எத்தனை தடவையும் போகலாம். கொமூட்டரில் மட்டும் அது செல்லாது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் தோட்டப்புறத்திலிருந்து அந்த நிலையத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது? மோட்டார் சைக்கிள் உள்ள பையன் போய்விடுகிறான். ஆலைக்குப் போகும் தங்கை? ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி? வாடகைக் கார் பிடித்தால் பாஸில் மிச்சமானது அதிலேயே போய்விடும்.

இணைப்பு பஸ் தோட்ட முச்சந்தி வரை வரவேண்டும். கிராணிமாரே, மனு எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு வேலை என்று லயம் லயமாகக் கணக்கெடுத்துச் சேருங்கள். ஒரு நகல் நகராண்மைக் கழகத்துக்கு, ஒன்று போக்குவரத்து அமைச்சுக்கு. கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம்.