மன வைத்தியம்: தெய்வ அழைப்பா? மனிதர் ஏற்பாடா?

(மாஞ்சோலைத் தோட்டத்தை விட்டு இறங்கிய தொழிலாளர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மனத்துக்கு வைத்தியம் செய்கிறவர்கள் அந்தத் துறையை ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதாகும். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதியாயிற்றே, தேயிலை பறித்த நமக்கு இதனால் என்ன லாபம் என்று சிலர் நினைக்கலாம். லாபம் இருக்கிறது, கடைசியில் சொல்லுகிறேன்.

ஒரு வைத்தியர் எலும்பைப் பார்க்கிறார். ஒருவர் கண்ணைப் பார்க்கிறார். ஒருவர் மனத்தைப் பார்க்கிறார். மனத்தைப் பார்ப்பவர்களிலும் ஒருவர் குழந்தைகளையும், ஒருவர் குடிக்கு அடிமையானவர்களையும், ஒருவர் சாகத் துணிந்தவர்களையும் கவனிக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டால், “தெய்வ அழைப்பு, பிறவிக் குணம், பூர்வ புண்ணியம்” என்று சொல்லிக் கேட்டவன் வாயை அடைத்துவிடுகிறார்கள். பெண்ணாயிருந்தால், “பெண்களுக்கு இயற்கையிலேயே இரக்கம் அதிகம்” என்று ஒரே போடாய்ப் போடுகிறார்கள். இரக்கம் மாத்திரம் போதுமானால் படிப்பு எதற்கு? பரீட்சை எதற்கு?

தோழர்களே! உலகப் பிரசித்தி பெற்ற பிராய்டு என்பவர் ஆராய்ச்சிக்கூடத்திலேயே காலங்கழிக்க ஆசைப்பட்டவர். கையில் பணமில்லை, கலியாணமும் செய்துகொள்ள வேண்டும். ஆகவே 1882இல் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். 1886இல் வியன்னா நகரில் நரம்பு வைத்தியராகத் தொழில் தொடங்கினார். அங்கே வந்த நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கக் கேட்கத்தான் அவருடைய புதுத் துறையே பிறந்தது. இதில் தெய்வம் எங்கே வந்தது? பணமுடையும் நோயாளியுந்தானே வந்தார்கள்!

நம் நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று சொல்லப்படும் டாக்டர் சாரதா மேனன் (1923–2021), பெங்களூரில் 1954இல் ஏற்பட்ட அகில இந்திய மனநல நிலையத்தில் பயிற்சி பெற்று வந்தவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனைக்குத் தலைமை வகித்தார். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற ஸ்தாபனத்தைத் தோழர்களுடன் சேர்ந்து ஏற்படுத்தினார். அந்த அம்மையாருக்கு இரக்கம் இருந்தது, உண்மை. ஆனால் படிக்க ஒரு நிலையமும், வேலை செய்ய ஓர் ஆஸ்பத்திரியும் இல்லாதிருந்தால் அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்?

நிற்க. வைத்தியர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 2001 ஆகஸ்டு 6ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததுதான் நடக்கும். தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், தனியார் விடுதிக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபோது தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர் கொடியவர்களா? இல்லை. பக்கத்தில் வைத்தியரைக் கண்டிராதவர்கள். கோயிலானாலும் தர்காவானாலும் மாதா கோயிலானாலும், வைத்தியர் விட்ட இடத்தில்தான் மந்திரமும் சங்கிலியும் குடியேறும். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்துவிட்டது. சட்டம் சங்கிலியைத்தான் அறுக்கும், வைத்தியரைக் கொண்டுவராது.

இப்போது நம் சங்கதிக்கு வருகிறேன். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களிடம் 2024இல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கினார்கள். வேலையும் லைன் வீடும் ஒன்றாய்ப் போனால் ஒருவனுக்குத் தூக்கம் போகாதா? குடி அதிகமாகாதா? இதைப் பேய் என்று சொல்லி வேப்பிலை அடித்தால் தீருமா? வேலையும் வீடும் கேட்பது நம் முதல் உரிமை. அத்தோடு மனத்துக்கு வைத்தியமும் கேட்க வேண்டும்.

நான் சொன்ன லாபம் இதுதான். மன வைத்தியர் வானத்திலிருந்து குதிப்பவரல்ல. படிப்பு, சம்பளம், உத்தியோகம், கண்ணெதிரே கண்ட துன்பம் ஆகிய இவைகள்தான் அவரை உண்டாக்குகின்றன. மனிதர் ஏற்பாடானால் மனிதர் கேட்டு வாங்கலாம். மலையடிவார ஆஸ்பத்திரிகளில் மன வைத்தியருக்கு நிரந்தர உத்தியோகம் வேண்டுமென்று சர்க்காரைக் கேளுங்கள். உங்கள் பெண்ணையும் பையனையும் அந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். லைன் வீட்டுத் துன்பத்தை அறிந்த பிள்ளை அத்துறைக்குப் போனால், அதைவிடத் தக்க காரணம் வேறு வேண்டியதில்லை என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.