மூலவழிப் பாலம்: ஒரு தொகைச்சொல்லை விரித்தல்



பொருளின் இயக்கத்தை அறிந்த பின்னரே கலைச்சொல்லை ஆளுதல் வேண்டும். இதனை ஒரு சொல்லைக் கொண்டு இன்று விளக்க முற்படுகிறோம். கணினி வலையமைப்பில் ‘சோர்ஸ் ரூட் பிரிட்ஜ்’ எனப்படுவதை ‘மூலவழிப் பாலம்’ எனப் பெயர்க்கலாம். ‘மூலவழி’ என்னும் தொகையை எவ்வாறு விரிப்பது? மூலத்திற்குச் செல்லும் வழியா? மூலத்தினது வழியா? மூலத்தால் வகுக்கப்பட்ட வழியா? இலக்கணம் மூன்றுக்கும் இடந்தரும். பொருளோ ஒன்றுக்கே இடந்தரும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய டோக்கன் ரிங் அமைப்பில் கணினிகள் வளையமாக இணைந்திருக்கும். 3 பைட் அளவுள்ள டோக்கன் அவ்வளையத்தைச் சுற்றிவரும். அதனைப் பெற்ற கணினியே செய்தி அனுப்பலாம். ஒரு வளையத்தை மற்றொரு வளையத்தோடு இணைப்பது பாலம்.

வேறொரு வளையத்திலுள்ள கணினியை அடைய விரும்பும் கணினி, முதலில் ஒரு தேடற்செய்தியை விடுக்கிறது. ஒவ்வொரு பாலமும் அதனைப் படியெடுத்து, 12 பிட் வளைய எண்ணையும் 4 பிட் பால எண்ணையும் பொறித்து அடுத்த வளையத்திற்குச் செலுத்துகிறது. ஏற்கெனவே கடந்த வளையத்திற்கு அதனை மீண்டும் விடுவதில்லை. வழிகள் பலவாயின் படிகளும் பலவாகும். பெறும் கணினி அவற்றை வந்த தடத்திலேயே திருப்பி அனுப்புகிறது. திசை காட்டும் ஒரு பிட் மாறுவதால், அதே வழிக்குறிப்பு பின்னிருந்து முன்னாகப் படிக்கப்படும். அனுப்பிய கணினி பெரும்பாலும் முதலில் வந்த விடையின் வழியையே நினைவிற் கொள்ளும். அதன்பின் அது அனுப்பும் செய்தி தன் வழியைத் தானே சுமந்து செல்லும். பாலம் அக்குறிப்பில் தன் எண்ணைத் தேடும். இருப்பின் கடத்தும், இன்றேல் விட்டுவிடும்.

ஈதர்நெட் வலையமைப்பின் பாலம் இதற்கு நேர்மாறானது. அங்குக் கணினிகளின் முகவரிகளைப் பாலமே கற்றுப் பட்டியலிடும். அனுப்பும் கணினி வழியை அறியாது.

ஆகவே, ‘மூலவழி’ என்பது மூலத்தால் வகுக்கப்பட்ட வழி. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘தோன்றிய இடத்திற்குத் திரும்பும் வழி’ எனக் கொள்ளும் மாணவர், தேர்வில் சொல்லைச் சரியாக எழுதுவார், பொருளைத் தவறவிடுவார். சொல் தமிழாயிற்று என மகிழும் நாம், அறிவு தமிழாயிற்றா என வினவுவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, கலைச்சொல்லை மனப்பாடம் செய்விக்குமுன் அதனை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரிக்கத் தெரிந்த மாணவரே பொருளை அறிந்தவர்.