கால்கட்டு போட்டால் தெளிந்துவிடுமா?

(இளம் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றால் லூப், மாத்திரை, ஆபரேஷன் என்றுதான் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்றைக்கு ஒரு சினிமாக் கதை சொல்லப் போகிறேன். அமெரிக்கப் படம். அதில் சிரிப்பு உண்டு, காதல் உண்டு, டான்ஸ் கூட உண்டு. ஆனால் கதையின் நடுவில் இருப்பது மனநோய் வந்த ஒரு பிள்ளையும், அவனை வைத்துக்கொண்டு தவிக்கிற ஒரு வீடும்.

படத்தின் பெயர் 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்'. மேத்யூ க்விக் என்பவர் 2008-ல் எழுதிய நாவலை டேவிட் ஓ. ரஸ்ஸல் 2012-ல் படமாக எடுத்தார். இந்த நோயைத் தன் சொந்தக் குடும்பத்திலேயே பார்த்தவர் அவர். அதனால்தான் அந்த வீட்டுச் சண்டைகள் நம் பக்கத்து வீட்டில் நடப்பது போலவே இருக்கின்றன.

பிலடெல்பியா ஊரில் பேட் என்று ஒரு பையன். பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தவன், கல்யாணம் ஆனவன். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது மனைவி வேறொரு ஆசிரியரோடு இருப்பதைப் பார்த்துவிட்டான். அந்த ஆளை அடி அடியென்று அடித்து நொறுக்கிவிட்டான். கேஸ் ஆனது. சோதித்துப் பார்த்தால் அவனுக்கு வெகுநாளாகவே ஒரு மனநோய் இருந்திருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. எட்டு மாதம் மனநல மருத்துவமனை. வேலை போச்சு, வீடு போச்சு. மனைவியை நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவும் ஆனது. படம் தொடங்குகையில் தாயார் போய் அவனை அழைத்து வருகிறாள். அப்பாவுக்குச் சொல்லாமலே! இதைக் கேட்டதும் இங்கே சில தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். அமெரிக்காவிலும் அம்மா அம்மாதான்.

அந்த நோய்க்குப் பெயர் பைபோலார். தமிழில் இருதுருவ மனநோய் என்கிறார்கள். சில காலம் மனசு தறிகெட்டு மேலே பறக்கும். ராத்திரி மூணு மணி நேரம்தான் தூக்கம், ஆனாலும் களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது. கையில் காசு தங்காது. நெல் விற்ற பணத்தை ஒரே நாளில் வாரி இறைப்பார். கேட்டால் கோபம் வரும். பிறகு அதே ஆள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சுருண்டு படுத்துவிடுவார். சோறு இறங்காது, வயலுக்குப் போகமாட்டார், ஏன் உயிரோடு இருக்கிறோம் என்பார். முதலாவதைத் திமிர் என்கிறோம், இரண்டாவதைச் சோம்பல் என்கிறோம். இரண்டும் சேர்ந்து வந்தால் காத்து கருப்பு என்கிறோம். மூளையில் ஏற்படும் மாற்றத்தால் வருகிற நோய் இது. சர்க்கரை வியாதி மாதிரி வெகுகாலம் வைத்தியம் செய்துகொள்ள வேண்டியது. வைத்தியம் செய்தால் வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம்.

பேட் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்கிறான். உடம்பு ஊதுது, தலை மந்தமா இருக்கு என்று புகார். அதில் பொய் இல்லை. அந்தத் தொந்தரவுகள் உண்டு. டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொண்டிருக்கலாம். அவன் அதைச் செய்யாமல் மாத்திரையையே விட்டுவிட்டான். விளைவு என்ன? ஒரு நாவலைப் படித்து முடித்து, முடிவு பிடிக்கவில்லையென்று விடியற்காலை நாலு மணிக்கு ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட்டு, அம்மா அப்பாவை எழுப்பிச் சண்டை போடுகிறான். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். இன்னொரு இரவு கல்யாண வீடியோவைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போடுகிறான். தடுக்க வந்த தாயார் மேல் அவன் முழங்கை பட்டு அவள் கீழே விழுகிறாள். அப்பன் மகனை அடிக்கிறான். தெருவே விழித்துக்கொள்கிறது, போலீஸ் வருகிறது. இங்கே சிரிப்பு நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் அவன் மாத்திரையை விழுங்க ஆரம்பிக்கிறான். படத்தில் அது ஒரு சின்னக் காட்சிதான். என்னைக் கேட்டால் கதையின் திருப்பமே அதுதான்.

அவனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் படேலாக வருபவர் நம் ஹிந்தி நடிகர் அனுபம் கேர். கோபம் எப்போது வரும், எதைக் கேட்டால் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு, அப்போது என்ன செய்வது என்று ஒரு திட்டம் போட்டுக்கொள் என்கிறார். பேட்டுக்குத் தன் கல்யாணப் பாட்டைக் கேட்டாலே வெறி வரும். நம் வீடுகளில் அது குடிகாரப் பங்காளியின் குரலாக இருக்கலாம், கடன்காரர் கதவைத் தட்டும் சத்தமாக இருக்கலாம். (அந்த டாக்டர் ஒரு காட்சியில் முகத்தில் பெயின்ட் பூசிக்கொண்டு நோயாளியோடு பந்தாட்டம் பார்க்க வந்துவிடுகிறார். நம்மூர் டாக்டர்களிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.)

இனி அப்பாவைப் பார்ப்போம். ராபர்ட் டி நீரோ நடித்திருக்கிறார். வேலை போனபின் பந்தயம் பிடிக்கும் தொழில் செய்கிறார். கைக்குட்டை ஒரு மாதிரி மடித்திருக்க வேண்டும், டி.வி. ரிமோட்டு ஒரு வரிசையில் இருக்க வேண்டும், மகன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தன் அணி ஜெயிக்கும் என்பார். மைதானத்தில் அடிதடி செய்ததால் உள்ளே வரக்கூடாது என்று தடை வாங்கியவர். மகனைப் பார்த்து ஊர் 'பைத்தியம்' என்கிறது. அப்பாவை யாரும் அப்படிச் சொல்வதில்லை! ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், மற்றவர்கள் கோபத்தையும் பயத்தையும் சீட்டில்லாமல் சுமந்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் அந்த அப்பா மகனின் கட்டிலில் உட்கார்ந்து, உன்னோடு இன்னும் கூட இருந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி சொல்லிக் கண் கலங்குகிறார். நம் அப்பாக்கள் பிள்ளையிடம் இப்படிப் பேச எத்தனை வருஷம் ஆகும்?

பேட்டின் நண்பன் ரோனியையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தை, புது வீடு, வேலைச் சுமை. சிரித்த முகம். தனியாகக் கிடைத்ததும் மூச்சு முட்டுகிறது என்று நண்பனிடம் மெல்லச் சொல்கிறான். மனைவிக்குத் தெரியாது. முன்வரிசையில் குழந்தையோடு இருக்கும் தம்பிமார்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

சரி, காதலுக்கு வருவோம். டிஃபனி என்று ஒரு இளம் விதவை. ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்து ஆஸ்கர் பரிசு வாங்கிய வேடம். புருஷன் போலீஸ்காரன், இறந்துவிட்டான். துக்கத்தில் தடுமாறி நடந்ததில் வேலையையும் இழந்து, ஊர் வாயிலும் விழுந்தவள். பேட் தன் மனைவிக்கு ஒரு கடிதம் கொடுக்க ஆசைப்படுகிறான். நான் சேர்ப்பிக்கிறேன், அதற்குப் பதில் என்னோடு டான்ஸ் போட்டியில் ஆடு என்கிறாள் அவள். தினமும் பயிற்சி. நேரத்துக்கு எழுவது, நேரத்துக்குப் போவது, ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது. போட்டியில் பத்துக்கு ஐந்து மதிப்பெண்தான் கிடைக்கிறது. அதற்கே குடும்பம் முழுவதும் குதிக்கிறது, சுற்றியிருப்பவர்கள் விழிக்கிறார்கள். ஐந்து கிடைக்கும் என்று அப்பா பந்தயம் கட்டியிருக்கிறார். அந்தப் பந்தய விஷயத்தை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். இங்கேதான் எனக்குப் படத்தோடு கொஞ்சம் தகராறு. பார்த்துவிட்டு எழுந்தால், ஒரு பெண் கிடைத்தாள், பையன் தெளிந்தான் என்று தோன்றிவிடும். நம் ஊரில் இதைத்தானே வெகுகாலமாகச் சொல்லி வருகிறோம்? 'பயலுக்கு ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிடும்.' நோயை மறைத்துப் பெண் எடுக்கிறோம். மருமகளுக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரையை நிறுத்துகிறோம். கல்யாண வேலையில் நாலு ராத்திரி தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டாலே இந்த நோய் கிளம்பும். மூன்றாம் மாதம் நோய் திரும்புகிறது. பழி யார் மேல்? 'இவ கால் வச்ச நேரம்' என்று அந்தப் பெண் மேல். பெண்ணுக்கு நோய் இருந்தாலோ, மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு வாழாவெட்டியாகத் திரும்பி வந்தாள் என்று அழுகிறோம். கல்யாணம் பண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்து பண்ணுங்கள், மாத்திரையோடு பண்ணுங்கள். பேட்டுக்கும் டிஃபனிக்கும் ஒரு நல்லது உண்டு: அவனுக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும், அவளுக்கு என்ன என்று அவனுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யார் எந்த மாத்திரை சாப்பிட்டோம் என்று பெயர் சொல்லிப் பேசிக்கொள்கிறார்கள்!

இந்த மாத்திரைகளைப் பற்றிப் படத்தில் இல்லாத சிலவற்றை நான் சொல்லியாக வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்லும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வெயிலில் வேலை செய்து வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி பேதி வந்தாலோ ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கை நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். ஆகையால் குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே, கரு தங்குவதற்கு முன்பே, கணவன் மனைவி இருவரும் போய் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தினால் நோய் பாயும். இந்த நோய் உள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்கள் ரொம்பக் கவனமான காலம். ராத்திரி குழந்தை அழுதால் மாமியாரோ கணவனோ தூக்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். அந்தத் தூக்கமும் வைத்தியத்தில் சேர்ந்ததே. பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் சொன்னால் மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் அதை மிரட்டல் என்று எண்ணாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள். அதுவரை பூச்சிமருந்து டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

என் நேரம் முடிந்தது. எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் கூட்டம் கலைந்த பின் பின்பக்க அறைக்கு வாருங்கள். நர்சம்மாவும் நானும் அங்கே இருப்போம். முடிந்தால் புருஷன் பெண்சாதி இரண்டு பேருமாக வாருங்கள்.